சிறு செயற்கைக்கோள்களும் பெரு விதிகளும்

சங்கரன்கோவிலிலிருந்து நேர்கோட்டில் தெற்கே அளந்தால் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தூரத்தில் மகேந்திரகிரி இருக்கிறது. ராக்கெட்டுகளின் திரவ எந்திரங்களை இஸ்ரோ ஸ்தாபனம் பரீட்சை செய்யும் இடம் அது. தென்கிழக்கே, ஏறக்குறைய அதே தூரத்தில், கடற்கரையில் குலசேகரப்பட்டினம் இருக்கிறது. அவ்விடத்தில் நம் தேசத்தின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 28-ந் தேதி அடிக்கல் நாட்டப்பட்டது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தென் துருவத் திக்கில் செல்லும் ராக்கெட் இலங்கையைச் சுற்றி வளைந்து செல்ல நேர்கிறது. அதனால் எரிபொருள் விரயமாகிறது. குலசேகரப்பட்டினத்திலிருந்தோ தெற்கே திறந்த கடல்தான். சுமார் 500 கிலோ எடையைச் சுமக்கும் எஸ்.எஸ்.எல்.வி. என்னும் சிறு ராக்கெட்டுக்கு இந்த அனுகூலம் மிகப் பெரிது.

சிறு ராக்கெட் நம் கரைக்கு வந்தால் சிறு செயற்கைக்கோள்கள் வரும். அவற்றைச் செய்யும் சிறு கூட்டத்தார் நம் கல்லூரிகளிலிருந்தும் பள்ளிகளிலிருந்தும் புறப்படுவர். ஆகவே, விண்வெளி என்பது பெங்களூரிலும் திருவனந்தபுரத்திலும் உள்ள விஞ்ஞானிகளின் காரியம் என்று நம் ஜில்லாவாசிகள் இனி வாளாவிருப்பதற்கில்லை. இவ்விஷயத்தில் முன்கூட்டியே தீர்மானிக்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பத்து மாணவர் கூடிச் செய்யும் ஒரு சிறு செயற்கைக்கோளின் மென்பொருளை எழுதும்போது, கோடிக்கணக்கான ரூபாய் செலவிட்டுச் செய்யும் பெருங்கலத்துக்குரிய விதிகள் அனைத்தையும் கைக்கொள்ள வேண்டுமா? அல்லது இது சிறிய காரியந்தானே என்று விதிகளை விட்டுவிடலாமா? இரண்டும் தவறு என்பது நமது அபிப்பிராயம். அதற்குரிய காரணங்களைக் கூறுவோம்.

2022-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 7-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எஸ்.எல்.வி. முதன்முறையாகக் கிளம்பியது. இஸ்ரோவின் செயற்கைக்கோள் ஒன்றோடு 'ஆசாதிசாட்' என்னும் சிறு கோளையும் அது சுமந்து சென்றது. தேசமெங்குமுள்ள 75 அரசினர் பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகளின் உழைப்பு அந்தச் சிறு பெட்டியில் அடங்கியிருந்தது. மதுரைக்கு அடுத்த திருமங்கலம் பெண்கள் மேனிலைப்பள்ளி மாணவிகளும் அவர்களில் இருந்தனர். ராக்கெட்டின் மூன்று திட எரிபொருள் அடுக்குகளும் பழுதின்றி எரிந்தன. எனினும் கோள்கள் நிலைக்கவில்லை. 356 கிலோமீட்டர் உயரத்தில் வட்டமாகச் சுற்றவேண்டியவை, ஒரு புறம் 356 கிலோமீட்டரும் மறு புறம் 76 கிலோமீட்டருமான நீள்வட்டத்தில் விடப்பட்டன. 76 கிலோமீட்டரில் காற்று இருக்கிறது. அங்கே எந்தக் கோளும் தங்குவதில்லை. இரண்டும் விழுந்து அழிந்தன.

காரணம் யாது? இரண்டாம் அடுக்கு பிரிந்தபோது ஒரு கணப்பொழுது கடும் அதிர்வு உண்டாயிற்று. வேகமாறுதலை அளக்கும் கருவிகள் அந்தக் கணத்தில் தம் அளவின் எல்லையைத் தாண்டிவிட்டன. கருவி கெட்டால் கண்டுபிடிப்பதற்காக மென்பொருளில் ஒரு தர்க்கம் எழுதி வைத்திருந்தார்கள். அத்தர்க்கம், கணநேர அதிர்வையும் நிரந்தரக் கோளாற்றையும் பிரித்தறியாமல், கருவிகள் கெட்டன என்று முடிவு செய்தது. ராக்கெட்டும் ஆபத்துக்கால வழியில் திரும்பிற்று. உண்மையில் கருவிகள் கெடவில்லை. காவலுக்கு வைத்த தர்க்கமே ராக்கெட்டை வழி தவறச் செய்தது. எந்திரத்தில் குறையில்லை, எரிபொருளில் குறையில்லை. சில வரி எழுத்தில் இருந்த குறை 750 சிறுமியரின் உழைப்பைக் கொண்டுபோயிற்று.

மென்பொருள் என்பது கணினிக்கு எழுதும் கட்டளைத் தொகுதி என்பதை நேயர்கள் அறிவார்கள். அதைப் பிழையின்றி எழுதுவதற்கென்று பல வருஷ அனுபவத்தால் ஏற்பட்ட முறைகள் உண்டு. என்ன வேண்டும் என்று முதலில் எழுதிக்கொள்வது, அமைப்பை வரைவது, ஒருவர் எழுதியதை மற்றவர் பரிசோதிப்பது, ஒவ்வொரு மாறுதலையும் பதிவு செய்வது, சோதிப்பது, சோதித்ததற்குச் சான்று வைப்பது முதலியன அவை. மனிதரைச் சுமக்கும் கலத்துக்கு இம்முறைகளை எழுதினால் அலமாரி நிறையும். அவ்வளவும் வேண்டியதே.

இனி, நம் மாணவர் கூட்டத்தை எடுத்துக்கொள்வோம். பத்துப் பேர், இரண்டு மூன்று வருஷம், அதற்குள் மூத்தவர்கள் பரீட்சை தேறிப் போய்விடுவார்கள், புதியவர்கள் வருவார்கள். இவர்கள் தலைமேல் அலமாரி நிறைந்த விதிகளை ஏற்றினால், பத்திரம் எழுதுவதிலேயே காலம் கழிந்து, கோளைச் செய்ய நேரமிராது. இதைவிடப் பெரிய தீமையும் உண்டு. செய்யாத சோதனையைச் செய்ததாகக் கட்டங்களை நிரப்பிக் கையொப்பமிடும் வழக்கம் உண்டாகிவிடும். சத்தியமில்லாத பத்திரம், பத்திரமே இல்லாததைக் காட்டிலும் கெடுதலானது. பிறகு அதை நம்பி முடிவு செய்பவர் ஏமாறுவார்.

விதிகள் தடித்தால் மட்டும் பிழை நீங்கிவிடும் என்றும் எண்ணற்க. 1996-ம் வருஷம் ஜூன் மாதம் 4-ந் தேதி ஐரோப்பியரின் ஆரியான்-5 என்னும் பெரிய ராக்கெட், கிளம்பிய ஒரு நிமிஷத்துக்குள் வானிலே வெடித்துச் சிதறியது. முந்திய ஆரியான்-4 ராக்கெட்டின் மென்பொருளில் ஒரு பகுதியை அப்படியே எடுத்து வைத்திருந்தார்கள். புதிய ராக்கெட்டின் வேகம் அதிகம். அதனால் ஓர் எண் தனக்கென்று ஒதுக்கிய இடத்தில் அடங்காமல் வழிந்தது. முதற்கருவி நின்றுவிட்டால் உதவட்டும் என்று வைத்த இரண்டாவது கருவியிலும் அதே மென்பொருள் இருந்ததால், இரண்டும் ஒரே பிழையால் நின்றன. அங்கே விதிகளுக்குப் பஞ்சமில்லை. பழைய எழுத்து புதிய பயணத்துக்குப் பொருந்துமா என்ற ஒரு கேள்வியைப் பயணத்தின் நிலைமைகளோடு ஒட்டிச் சோதியாததே குறை.

இதைக் கண்டு, விதியே வேண்டாம் என்போர் மகிழவேண்டுவதில்லை. அவர்கள் கூற்றையும் பார்ப்போம். 'செலவு சிறிது, போனால் போகட்டும், மறுபடி செய்துகொள்ளலாம்' என்கின்றனர். 2015-ம் வருஷம் மே மாதம் அமெரிக்காவில் 'லைட்செயில்' என்னும் சிறு கோளை ஏவினார்கள். சூரிய ஒளியின் அழுத்தத்தால் செல்லும் பாய்மரத்தைச் சோதிப்பது அதன் நோக்கம். இரண்டு நாளில் அது மௌனமாயிற்று. விசாரித்ததில், அதன் கணினி தன் நிலையைக் குறித்துவரும் கோப்பு 32 மெகாபைட் அளவைத் தாண்டி வளர்ந்ததும் கணினி உறைந்துபோனது தெரியவந்தது. பூமியிலிருந்து அனுப்பிய கட்டளை எதையும் கேட்கும் நிலையில் அது இல்லை. எட்டு நாள் கழித்து அது தானே மீண்டும் எழுந்ததால் காரியம் கைகூடிற்று. விண்ணிலிருந்து வந்த மின்துகள் ஒன்று தாக்கியதால் எழுந்திருக்கலாம் என்று கருதினார்கள். ஏவுமுன் மேஜையின்மேல் வைத்து அந்தப் பெட்டியை நாலைந்து நாள் நிறுத்தாமல் ஓட்டியிருந்தால் கோப்பு வளர்வது கண்ணுக்குத் தெரிந்திருக்கும். அதற்குச் செலவுமில்லை, பெரிய சபையும் வேண்டியதில்லை.

அபாயத்தை ஏற்பது வேறு, அலட்சியம் வேறு. அபாயத்தை ஏற்பவன் எதை இழக்கக்கூடும் என்று கணக்கிட்டு, இழக்கத் துணிகிறான். அலட்சியக்காரன் கணக்கே பார்ப்பதில்லை. இருவரும் ஒரே விதியைக் கைவிட்டிருக்கலாம். ஆனால் கோள் மௌனமானபின் ஏன் மௌனமாயிற்று என்று முதலாமவனால் கூற முடியும், இரண்டாமவனால் முடியாது. காரணம் தெரியாத தோல்வியால் அடுத்த கூட்டத்தாருக்குப் பிரயோஜனம் ஏதுமில்லை.

சங்கரன்கோவில் தறிக்காரருக்கு இதை விளக்கவேண்டுவதில்லை. அன்றாடம் உடுத்தும் நூல் சேலைக்கு, முகூர்த்தப் பட்டுக்குச் செய்யும் வேலைப்பாடு செய்பவர் எவருமில்லை. செய்தால் விலை கட்டாது. சரிகையில்லை, பெரிய கரையில்லை, ஒவ்வொரு முழத்தையும் நிறுத்திப் பார்ப்பதுமில்லை. ஆனால் எளிய சேலைதானே என்று பாவில் இழை அறுந்தபின்னும் முடியாமல் மேலே நெய்பவரும் இல்லை. எதை விடலாம், எதை விடலாகாது என்பதைத் துணியின் பயனைக்கொண்டு தீர்மானிக்கிறார்கள். மென்பொருளிலும் அந்தப் புத்தியே வேண்டும்.

அந்நிய தேசங்களிலும் அறிவாளிகள் இவ்வாறே செய்கிறார்கள். அமெரிக்க நாஸா ஸ்தாபனம் விண்பயணங்களை, எவ்வளவு அபாயத்தைத் தாங்கலாம் என்பதைப் பொறுத்து, 'ஏ' முதல் 'டி' வரை நான்கு வகுப்பாகப் பிரித்திருக்கிறது. மென்பொருளுக்கும் தனி வகுப்புகள் உண்டு; மனிதரைச் சுமக்கும் கலத்துக்கு மிகக் கடுமையான விதிகள், சிறு சோதனைகளுக்கு இலகுவானவை. ஐரோப்பியரின் விண்வெளித் தரவிதிகளும், மென்பொருள் தவறினால் விளையும் கேட்டின் அளவைக்கொண்டு நான்கு தரம் வகுத்து, எந்தத் தரத்துக்கு எந்த விதி பொருந்தும் என்று அட்டவணை கொடுத்திருக்கின்றன. விதியைக் குறைப்பதற்கும் ஒரு விதி வைத்திருக்கிறார்கள் என்பது கவனிக்கற்பாலது.

அதன் பயனைச் செவ்வாய்க் கிரகத்திலே கண்டோம். 'இன்ஜெனுயிட்டி' என்னும் 1.8 கிலோ எடையுள்ள சிறு ஹெலிகாப்டர், முப்பது நாளில் ஐந்து முறை பறந்து பார்க்கட்டும் என்ற எண்ணத்துடன் அனுப்பப்பட்டது. கைப்பேசியில் உள்ளது போன்ற கடைச்சரக்குக் கணினியையும், எவரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய லினக்ஸ், எஃப் பிரைம் என்ற பொது மென்பொருள்களையும் அதில் வைத்தார்கள். பெருங்கலத்துக்கு அவற்றைச் சம்மதித்திருப்பார்களா என்பது சந்தேகமே. ஆயினும் காவல் விதிகளை அவர்கள் கைவிடவில்லை. 2021-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 9-ந் தேதி விசிறிகளை வேகமாகச் சுழற்றிப் பார்த்தபோது, காவல் கடிகாரம் நேரம் தவறியதைக் கண்டு சோதனையை நிறுத்திற்று. அனுப்பும் கட்டளை வரிசையைச் சற்றே மாற்றி, 19-ந் தேதி பறக்க விட்டார்கள். ஐந்து முறை பறந்தால் போதும் என்று நினைத்த அக்கருவி, 2024-ம் வருஷம் ஜனவரி 18-ந் தேதிக்குள் 72 முறை பறந்தது.

ஆயினும் பிறர் அட்டவணையை அப்படியே பெயர்த்துக்கொள்வதும் இரவல் சட்டை அணிவதைப் போன்றதே. அவர்களுடைய சிறு பயணத்துக்கு அகப்படும் பொருளும் ஆளும் நம்முடைய பெரிய கல்லூரிக்கே அகப்படுவது அரிது. நமக்கு நம் அளவெடுத்துத் தைக்கவேண்டும். தமிழ்நாட்டுக்கு இதில் அனுபவம் இல்லாமற் போகவில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் சுமார் 40 கிலோ எடையுள்ள அனுசாட் 2009-ம் வருஷம் ஏப்ரல் 20-ந் தேதி விண்ணேறியது. எஸ்.ஆர்.எம். மாணவரின் கோள் 2011-லும், சத்தியபாமா மாணவரின் கோள் 2016-லும், குமரி ஜில்லா குமாரகோவிலில் உள்ள நூருல் இஸ்லாம் பல்கலைக்கழகத்தின் கோள் 2017-லும் சென்றன. இவர்கள் கற்றதை ஓரிடத்தில் திரட்டினாலே நமக்குரிய விதிகளில் பாதி கிடைத்துவிடும்.

எவற்றை விடலாம்? ஒவ்வொரு படிக்கும் தனித்தனித் தடித்த ஏடுகள் வேண்டாம். ஒரே சிறு நூல் போதும். பெரிய பரிசோதனைச் சபைகள் வேண்டாம். வெளி ஸ்தாபனம் ஒன்று மென்பொருள் முழுவதையும் மறுபடி ஆராய்வது வேண்டாம். ஒவ்வொரு கருவிக்கும் மாற்றுக் கருவி வேண்டாம். விலையுயர்ந்த விசேஷ உறுப்புகளுக்குப் பதிலாகக் கடையில் கிடைப்பவற்றை வைத்துப் பார்க்கலாம். இவற்றை விட்டதால் கோள் ஆறு மாதத்தில் அடங்கிவிட்டால் நஷ்டம் நம்முடையதே. அதை நாம் தாங்குவோம்.

எவற்றை விடலாகாது? ஐந்தைக் கூறுகிறோம்.

முதலாவது: மென்பொருளின் மூலப்பிரதி ஒன்றே இருக்கவேண்டும். அதில் யார், என்று, எதற்காக எதை மாற்றினார் என்ற குறிப்பு ஒவ்வொரு மாறுதலுக்கும் இருக்கவேண்டும். மாணவர் மாறிக்கொண்டேயிருக்கும் கூட்டத்துக்கு இது உயிர் போன்றது.

இரண்டாவது: எழுதியவரல்லாத மற்றொருவர் ஒவ்வொரு பகுதியையும் படித்துப் பார்க்கவேண்டும். பழைய கோளிலிருந்து எடுத்த பகுதியாயின் இருமுறை படிக்கவேண்டும். ஆரியான்-5 போதித்த பாடம் அது.

மூன்றாவது: பறக்கப்போகும் அதே மென்பொருளை, பறக்கப்போகும் அதே பெட்டியில், நாள்கணக்காக நிறுத்தாமல் ஓட்டிப் பார்க்கவேண்டும், இடையிடையே மின்சாரத்தை அறுத்தும் பார்க்கவேண்டும்.

நான்காவது: கணினி உறைந்தால் அதைத் தானே எழுப்பும் காவல் கடிகாரமும், குறைந்த மின்சாரத்தில் உயிர் காத்துப் பூமியின் குரலுக்குக் காத்திருக்கும் நிலையும் இருக்கவேண்டும். அந்தக் காவலையும் சோதிக்கவேண்டும். காவலனே தவறினால் என்னவாகும் என்பதை ஆசாதிசாட் மாணவிகள் அறிவார்கள்.

ஐந்தாவது: பிறருக்குத் தீங்கு செய்யும் அபாயத்தை ஏற்க நமக்கு அதிகாரமில்லை. ராக்கெட்டிலிருந்து பிரியுமுன் ஒலிபரப்புக் கருவி விழித்துக்கொள்ளலாகாது. பூமியிலிருந்து நிறுத்து என்றால் அது நிற்கவேண்டும். வேலை முடிந்த கோள் வருஷக்கணக்கில் குப்பையாகச் சுற்றலாகாது. 2030-க்குள் இந்திய விண்பயணங்கள் அனைத்தையும், அரசாங்கத்தினுடையவையாயினும் தனியாருடையவையாயினும், குப்பையற்றவையாக்குவது என்று 2024-ல் நம் தேசம் உலகத்தார் முன்னிலையில் நோக்கத்தை வெளியிட்டிருக்கிறது. அந்த வாக்கைச் சிறுவர் செய்த கோள் என்ற காரணத்துக்காக மீறுதல் தகாது.

இவ்வைந்துக்கும் மேலாக ஒன்று வேண்டும். கைவிட்ட விதி ஒவ்வொன்றையும் ஒரு பக்கத்தில் எழுதி, ஏன் கைவிட்டோம், அதனால் எது நேரலாம் என்று குறித்து, பொறுப்பாளர் கையொப்பமிடவேண்டும். அதை மாணவருக்கும் அவர்தம் பெற்றோருக்கும் ஏவுமுன்பே படித்துக் காட்டவேண்டும். அப்படிச் செய்தால், கோள் தவறும் நாளில் பேராசிரியர் மாணவரையும், மாணவர் பேராசிரியரையும் பழிக்கும் இழிவு நேராது. தோல்விக்குப் பயந்து கல்லூரி நிர்வாகிகள் கதவைச் சாத்திவிடவும் மாட்டார்கள்.

தோல்வியை மறைக்காமல் சொல்வதால் அவமானம் வராது என்பதற்கு இஸ்ரோவே சாட்சி. எஸ்.எஸ்.எல்.வி. தவறிய காரணத்தை அது பகிரங்கமாக வெளியிட்டது. அதிர்வைத் தந்த பிரிப்பு முறையை மாற்றியது. கருவிகளைப் பற்றி அவசர முடிவு செய்த தர்க்கத்தையும் திருத்தியது. 2023-ம் வருஷம் பிப்ரவரி 10-ந் தேதி இரண்டாம் முறை கிளம்பிய எஸ்.எஸ்.எல்.வி., ஆசாதிசாட்-2 உள்ளிட்ட மூன்று கோள்களையும் 450 கிலோமீட்டர் உயரத்தில் செவ்வனே சேர்த்தது. ஆறு மாதத்தில் மீண்டும் எழ முடிந்தது, எங்கே தவறியது என்று அறிந்துகொண்டதால்.

ஆகவே நாம் கோருவது இது. தனியாரின் விண்வெளி முயற்சிகளுக்கு அனுமதி தரும் இன்-ஸ்பேஸ் ஸ்தாபனமும், இஸ்ரோவும், நம் பல்கலைக்கழகங்களும் கூடி, சிறு கோள் செய்யும் மாணவர்க்கென்று மென்பொருள் விதிநூல் ஒன்றை வெளியிடவேண்டும். அது ஐம்பது பக்கத்துக்கு மேற்படலாகாது. ஆங்கிலத்தோடு தமிழிலும் இருக்கவேண்டும். திருமங்கலத்திலும் சங்கரன்கோவிலிலும் தமிழில் படிக்கும் மாணவி, தான் செய்யும் கருவியின் விதியைப் பிறர் சொல்லக் கேட்டு நடக்கவேண்டிய அவசியம் என்ன? தவறிய கோள்களின் விசாரணைக் குறிப்புகளையும் அதனோடு சேர்த்துத் தமிழில் அச்சிடவேண்டும். மாகாண அரசாங்கத்தார், குலசேகரப்பட்டினத்தை ஒட்டிய ஜில்லாக்களில் ஒரு சோதனைக்கூடமேனும் அமைத்து, எந்தப் பள்ளியும் தன் பெட்டியைக் கொண்டுவந்து பத்து நாள் ஓட்டிப் பார்க்க இடமளிக்கவேண்டும்.

நம் ஊர்க் கோயிலில் சங்கரநாராயணர் ஒரு பாதி சிவமாகவும் ஒரு பாதி திருமாலாகவும் நிற்கிறார். எது உயர்ந்தது என்று வாதித்தவர்க்கு இரண்டும் ஓருருவே என்று காட்டிய மூர்த்தி என்பது நம் முன்னோர் கொள்கை. துணிவு பெரிதா, விதி பெரிதா என்று வாதிப்போரும் ஆடித்தபசுக்கு வரும்போது அவ்வுருவத்தைச் சற்று நின்று பார்ப்பார்களாக. குலசேகரப்பட்டினத்திலிருந்து ராக்கெட்டுகள் கிளம்பும் காலத்தில் அவற்றுள் நம் பிள்ளைகளின் பெட்டியும் இருக்கவேண்டும். அப்பெட்டியின் மென்பொருளை எழுதும் கைக்கு எதை விடலாம், எதை விடலாகாது என்று இன்றே கற்பித்தல் நம் கடமையாகும்.